ஒன்றும் வளராத தட்டு

அவர் எதையும் கையில் கொடுத்ததில்லை. பேனாவோ, பீரோ சாவியோ, தீபாவளிக்கு ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸோ, எதுவானாலும் மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று "எடுத்துக்கோ" என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கவனித்துவிட்டேன். கவனிக்காமல் இருக்க முடியுமா? எங்கள் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் கழனியில் வேலை செய்த குடும்பம். தள்ளி வைத்துக் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கழுத்தில் சிலுவை தொங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறார், இந்தப் புத்தி மட்டும் போகவில்லையே என்று எனக்கு வயிறு எரியும்.

பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி. நான் அவருடைய லேப் டெக்னீஷியன். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் டிப்ளமோ படித்தவள். நெமிலிச்சேரியிலிருந்து தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் ஸ்கூட்டியில் போய் வருவேன். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அந்த விஞ்ஞானியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. லேபில் நாங்கள் 'மேடம்' என்போம், அதுவே போதும்.

மாடியில் ஒரு கழிவறைக்குத் தனிப் பூட்டு போட்டிருந்தார். சாவி அவர் கைப்பையை விட்டு வெளியே வராது. தண்ணீர் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், வேறு யாரும் தெரியாமல்கூட எடுத்துவிடக் கூடாதாம். ஒருநாள் வஞ்சிரம் வறுத்து எடுத்துப் போயிருந்தேன். எப்படியும் தொடமாட்டார் என்று குத்தலாகத்தான் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். முள்ளை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, "மிளகாய்த்தூள் வீட்டுல அரைச்சதா?" என்று கேட்டார். ஆனால் அவர் டப்பாவில் இருந்த கேரட் பொரியலில் ஒரு துண்டு எனக்கு வரவில்லை. வாங்கத் தெரிகிறது, தரத் தெரியவில்லை என்று அன்று முழுக்கப் புகைந்துகொண்டிருந்தேன்.

அவருடைய ஆராய்ச்சி டைஃபாய்டு கிருமியைப் பற்றியது. அது நம் செல்லுக்குள் புகுந்தபின் அங்கே போய் வருகிற சேதிகளை எப்படி மாற்றுகிறது என்பதிலேயே அவர் வாழ்நாள் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் புரியவில்லை என்றதும் ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னார்.

"உன் வீட்டுக்காரர் கம்பெனியில வாட்ச்மேன் இருப்பாருல்ல? திருடன் வந்தா அவர் ஆபீசுக்குப் போன் போடணும். இந்தக் கிருமி என்ன பண்ணும் தெரியுமா? வாட்ச்மேனை அடிக்காது. போன் ஒயரை அறுக்காது. பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்கும். ஆபீஸ்லேருந்து கேட்டா, அவர் குரல்லயே 'எல்லாம் நல்லாருக்கு சார்'னு சொல்லும்."

"எத்தினி நாளைக்கு மேடம்?"

"வருஷக்கணக்கா. அந்த ஆளுக்கு ஒரு தலைவலிகூட வராது. ஆனா அவர் கையால சாப்பிடுறவங்களுக்கு வரும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. பெரிய மனிதர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல. ஏசி குளிரா என்னவென்று தெரியவில்லை, எனக்குக் கை முடியெல்லாம் நின்றுவிட்டது.

எங்கள் வேலையில் தட்டு என்றால் மூடி போட்ட சின்ன வட்டத் தட்டு. அடியில் ஜெல்லி மாதிரி கிருமிக்கான சாப்பாடு இருக்கும். அதன்மேல் ரத்தமோ மலமோ கொஞ்சம் தடவி இன்குபேட்டரில் வைத்தால், அதாவது உடம்புச் சூடு இருக்கிற பெட்டியில் வைத்தால், மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். வளராவிட்டால் 'நெகட்டிவ்' என்று எழுதிவிட்டு எறிவோம். மேடம் எறிய விடமாட்டார். ஒன்றும் வளராத தட்டுகளைத்தான் தினமும் எடுத்து, லென்ஸ் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். "சத்தம் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்லை" என்பார். ஒருமுறை பத்தொன்பதாவது நாள் என்னைக் கூப்பிட்டார். காலித் தட்டின் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி.

"பாத்தியா? இத்தனை நாளா நம்ம பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்திருக்கு."

அன்றிலிருந்து காலித் தட்டுகள் இருக்கும் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சிரிக்காதீர்கள், நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

கேன்டீன் அண்ணன் ஒருவர் இருந்தார். டீ கொடுக்கும்போது ஒருநாள் பெருமையாகச் சொன்னார்: "இருவது வருசமா எனக்கு ஒரு காச்ச தலவலி இன்னான்னே தெரியாது மேடம். கல்லு மாரி கீறேன்." மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் அந்தக் கேன்டீன் பக்கமே போகவில்லை. "நல்லாத்தான மேடம் கீறாரு?" என்று கேட்டேன். "அதான்" என்றார். அந்த அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவரால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் கடை வைத்து நடத்துகிறார். ஆனால் அதற்கப்புறம் எனக்கும் அவர் டீ தொண்டையில் இறங்கவில்லை.

கிருமிகளைச் சின்னக் குழாய்களில் போட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்திருப்போம். எல்லாக் குழாய்க்கும் ஒரு எண், ஒரு தேதி. ஒரே ஒரு டப்பாவில் மட்டும் எண் இல்லை. பால்பாயின்ட் பேனாவால் தமிழில் 'நான்' என்று எழுதியிருந்தது. ஏதோ வெளிநாட்டுக் கிருமிக்குச் சுருக்கப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் அந்த டப்பாவிலிருந்து எடுத்து வளர்த்ததுதான்.

என் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் வந்தது. வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டு, பிரியாணி செய்து, தெருவையே கூப்பிட்டிருந்தேன். மேடமும் வந்தார். பரிசை மேஜையில் வைத்தார், வேறெங்கே வைப்பார். கேக் வெட்டியதும் ஆளாளுக்கு ஒரு துண்டு ஊட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேடத்தின் முறை வந்தது.

"வேண்டாம்மா. நீங்கல்லாம் ஊட்டுங்க, நான் பாக்குறேன்."

"ஒரே வாய் மேடம்."

"ஸ்பூன் இருக்கா?"

மாமியார் பார்க்கிறார், நாத்தனார் பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இத்தனை வருட எரிச்சலும் எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இன்னா மேடம், எங்க ஊட்டுப் புள்ள வாயில பட்டா உங்க கை தேஞ்சிடுமா? கையாலதான் ஊட்டணும்."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பயந்திருந்தார், அது எனக்கு அப்போது புரியவில்லை. குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பவும் கழுவினார். மூன்றாம் முறையும் கழுவினார். அப்புறம் வந்து விரல் நுனியால் துளியூண்டு கேக்கை எடுத்து ஊட்டினார். என் மகள் விரலில் இருந்த கிரீமையும் சேர்த்து நக்கிவிட்டாள். மேடம் பிரியாணி சாப்பிடாமலேயே கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை லேபில் நுழைந்ததும் கேட்டார்: "பொண்ணுக்குச் சூடு இருக்கா?"

"இல்லியே மேடம், இன்னாத்துக்கு?"

லென்ஸை எடுத்துக்கொண்டு தட்டுகள் பக்கம் போய்விட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் எனக்கு எரிச்சல் வந்தது. எட்டாம் நாள் பயம் வந்தது. "கண்ணு வெச்சிட்டாங்களா இன்னாமே அந்தம்மா?" என்றார் என் வீட்டுக்காரர். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டோம். பதினோராம் நாள் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பப் போனேன், நெற்றி அனலாகக் கொதித்தது. நான் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. போன் அடித்தது.

"சூடு இருக்கா?" என்றார் மேடம்.

ரத்தத்தில் டைஃபாய்டு கிருமி வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டார்கள், ஒரு வாரம் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. வயிறு உப்பிவிட்டது. குடலில் ஓட்டை விழலாம், விழுந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் மேடம் வந்தார். பிள்ளையின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிப்போய், லேபில் சோதித்துவிட்டு வந்திருந்தார். இரண்டு தட்டுகளின் போட்டோவை டாக்டரிடம் காட்டினார். மருந்து தடவிய காகித வில்லைகளைச் சுற்றி, கிருமி செத்த இடம் வட்டமாகத் தெரிந்தது. இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி வட்டங்கள்.

"இப்போ போடுற ஊசி இதுக்குக் கேட்காது டாக்டர். இந்த மருந்து கேட்கும், இதைப் போடுங்க."

"அந்த இன்னொரு தட்டு யாரோடது?"

"என்னோடது. என் உடம்புல இருக்குற கிருமி. நான்தான் இந்தக் குழந்தைக்குக் குடுத்தேன்."

அந்த வராந்தாவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் படிக்கும்போது கிருமி கலந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி எடுப்பார்களாம். ஒருநாள் ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது. வெளியே சொன்னால் படிப்பு போய்விடும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு இருந்துவிட்டார். காய்ச்சல் வந்தது, போயிற்று. கிருமி மட்டும் பித்தப்பையில் தங்கிவிட்டது. அதை எடுத்து வளர்த்துத்தான் 'நான்' என்று எழுதி வைத்திருந்தார்.

"பித்தப்பையை எடுத்திருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"எடுத்திருக்கலாம். அது எப்படி இவ்வளவு அமைதியா இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு விட்டுட்டேன்."

"கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்க?"

"வருஷா வருஷம் எடுக்குறேன். முதல் ரெண்டு வருஷம் வளர்ந்தது. அப்புறம் எதிலயும் வளரலை. ஒளிஞ்சுக்கிச்சு."

எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. "பாவி! ஆராய்ச்சி பண்ண உனுக்கு ஒடம்பு வோணும், சாவ என் புள்ள வோணுமா? நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவற்றை இங்கே எழுதக் கை கூசுகிறது. என் வீட்டுக்காரர் என்னை இழுத்துப் பிடித்தார். "சும்மா இருமே, அந்தம்மா சொன்ன மருந்தத்தான் ஏத்துறாங்க." மேடம் நகரவில்லை. "திட்டட்டும்" என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அந்த வாக்குமூலத்துக்கு அப்புறம் நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. கமிட்டி போட்டார்கள், லேபைப் பூட்டினார்கள், அவர் வேலை போயிற்று. இருபத்தாறு வருடமாகச் சேர்த்த குழாய்களை அழிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் போட்டு நீராவியில் வேக வைத்தால் எந்தக் கிருமியும் பிழைக்காது. 'நான்' டப்பாவை உள்ளே வைத்து மூடியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீராவி அடங்கியதும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அப்புறம் அவரே போய் அறுவை சிகிச்சை செய்து பித்தப்பையை எடுத்துக்கொண்டார். அதைத் தட்டில் போட்டுப் பார்க்கும் வேலையை நான்தான் செய்ய வேண்டும் என்று நிலையத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். ஏன் நான் என்று போனில் கேட்டேன். "என் மேல கோவமா இருக்குறவதான் ஒழுங்கா தேடுவா" என்றார்.

தேடினேன். பையை வெட்டினேன், அரைத்தேன், பதினைந்து தட்டுகளில் பரப்பினேன். மறுநாள் ஒன்றுமில்லை. ஒரு வாரம் ஒன்றுமில்லை. அவர் வழக்கப்படியே லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. கிருமியின் மரபணுத் துணுக்காவது இருக்கிறதா என்று மெஷினில் போட்டும் பார்த்தோம். சுத்தமாக ஒன்றுமே இல்லை.

போட்டோக்களை எடுத்துக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் அவர் ஃபிளாட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதலிலிருந்து திரும்பவும் பார்த்தார்.

"பையையே அரைச்சுப் பாத்தாச்சு. இனி ஒளிய இடமில்லை" என்றார். "போயிருக்கு. எப்போ போச்சுன்னு தெரியலை. அந்த ரெண்டாவது வருஷமே போயிருக்கலாம். டெஸ்ட்ல வரலைன்னதும் இன்னும் நல்லா ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சேன்."

அப்புறம் என்னைப் பார்க்காமல் பேசினார். "தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தப்போ கையில வாங்கிக்கோன்னு நீட்டினா. நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். அவ என்கூடப் பேசுறதில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போ கல்யாண வயசு."

யாரும் இல்லாத வீட்டுக்கு இத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறார். என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் தலையை நிமிர்த்தினார். இப்போது பழையபடி விஞ்ஞானியின் முகம்.

"என்கிட்ட இல்லைன்னா உன் பொண்ணுக்கு யார்கிட்டேருந்து வந்தது? வட்டம் பொய் சொல்லாது, அது நம்ம லேப் கிருமிதான். எல்லாரும் டெஸ்ட் குடுங்க. கமிட்டியில சொல்லு, நானும் சொல்றேன்."

லேபில் வேலை செய்த எல்லோரும் கொடுத்தோம். நானும் கொடுத்தேன். மூன்று நாள் நல்லபடியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் காலை. மகள் மறுபடியும் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். முடியெல்லாம் கொட்டி, கழுத்து எலும்பு தெரிய இருந்தாள். டாக்டர் குழைவாகக் கொடுக்கச் சொல்லியிருந்ததால் ரசம் சாதத்தைக் கையால் நன்றாக மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார் மேடம். "நானே உன்கிட்ட சொல்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். உன் தட்டுல வளர்ந்திருக்கு. அதே வட்டம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்குபேட்டர்ல எப்பவாவது சாப்பிடுற பொருள் எதாவது வெச்சியா?"

வைத்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், வீட்டில் தயிர் உறையவே மாட்டேன் என்றது. லேபில் உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கிறதே என்று, பாலில் உறை ஊற்றி எவர்சில்வர் டப்பாவில், கிருமித் தட்டுகளுக்கு மேல் அடுக்கில் வைத்தேன். கத்தியால் வெட்டலாம், அப்படி உறைந்தது. மேடம் வருவதற்குள் எடுத்து ஒளித்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு நாள் மதியம் அதைத்தான் சாப்பிட்டேன். அந்த மாதம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

"மாத்திரை இருக்கு, நாலு வாரத்துல போயிடும், பயப்படாதே" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுவரைக்கும் சமையல் வேற யாராவது பாத்துக்கட்டும்." உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மேடம், என்னைத் திட்டுங்க மேடம். அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் உங்கள இன்னா பேச்சு பேசினேன்."

"போனை வை. கையைக் கழுவு முதல்ல."

வேன் ஹாரன் தெருமுனையில் கேட்டது. "எம்மா, வேன் வந்துச்சி, சீக்கிரம் ஊட்டு" என்று மகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கை அவள் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. கிண்ணத்தில் இன்னும் இரண்டு வாய்தான் மீதி இருந்தது.